என்டர் தட்டினால் எந்தப் பக்கம்

கும்மிடிப்பூண்டி
6 ஆகஸ்ட் 2024

திருவள்ளூர் ஆபீஸில் ஃபேன் காற்று வாங்கிக்கொண்டிருக்கும் சுகிர்தா மேடத்துக்கு, கும்மிடிப்பூண்டி மில்லில் தரை துடைக்கும் விக்டோரியா கும்பிடு போட்டு எழுதுவது.

போனில் என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாய். நல்லது. பேப்பரை எப்படி பிளாக் பண்ணுவாய் என்று பார்க்கிறேன். தினமும் இங்கிருந்து சாம்பிள் மூட்டை ஏற்றிக்கொண்டு வரும் வேன் ஜெகனிடம் கொடுத்தனுப்புகிறேன். "இன்னாக்கா, லவ் லெட்டரா?" என்றான். "ஆமாண்டா, உனக்குத்தான். படிச்சிக்கினே வண்டி ஓட்டு, நேரா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரலாம்" என்றேன்.

நான் அஞ்சாம் கிளாஸ், அதுவும் பாதி. எழுத்து கோணலாக இருந்தால் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு படி. தாள் காசு கொடுத்து வாங்கியது இல்லை. உன் ரூமில் குப்பைக்குப் போகிற பழைய லாக் சீட்டு. ஒரு பக்கம் அச்சு, ஒரு பக்கம் வெள்ளை. வெள்ளையில் எழுதுகிறேன்.

உருக்கின இரும்பைச் சுமக்கும் ஆறு லேடிலுக்கும் இன்னும் நான்தான் டாக்டரம்மா. கொரோனாவில் நம் நெற்றியில் வைத்தார்களே ஒரு துப்பாக்கி, அதற்குப் பெரியண்ணன் மாதிரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய், லேடிலுக்கு ஆறு இடம், ஆறு லேடிலுக்கு முப்பத்தாறு இடம் சூடு பார்த்து நோட்டில் எழுதுகிறேன். அப்புறம் நீ சொல்லிக்கொடுத்த மாதிரி மஞ்சள் கட்டத்தை மௌஸால் இழுத்துப் பிடித்து, நம்பர், என்டர், நம்பர், என்டர். தலை நிமிர்வதே இல்லை. கடைசியில் எங்கேயாவது சிவப்பு விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். சிவப்பு விழுந்த லேடிலுக்கு உள்ளே செங்கல் தேய்ந்துவிட்டது, அது வேலைக்குப் போகக் கூடாது, பிரித்துக் கட்ட வேண்டும். பார், எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ராபின். என் அக்கா மேரி பெற்ற ஒரே பிள்ளை. லேடில் பக்கத்தில் நாள் பூராவும் வேகிறவன், உன் ரூம் ஜன்னலைத் தாண்டும்போது மட்டும் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைக் கோதுகிறான். உள்ளே யார் இருக்கிறார்கள்? ஒரு காலி நாற்காலி. நேற்று என்னிடம் "சின்னம்மா, சுகிர்தா எப்போ வருவாங்க?" என்று கேட்டான். "தீபாவளிக்கு மோதிரத்தோட வருவா" என்றேன். காது வரைக்கும் சிவந்துவிட்டான். மஞ்சள் கட்டத்தில் போட்டிருந்தால் அவனையும் பிரித்துக் கட்ட அனுப்பியிருப்பார்கள்.

கேன்டீனில் எல்லார் எதிரிலும் உங்கள் இரண்டு பேரையும் சேர்த்துச் சொன்னதற்குத்தானே இத்தனை கோபம்? வாய் என்று இருந்தால் பேசத்தான் செய்யும். உன் கல்யாணப் பிரியாணிக்கு ஒரு மூட்டை வெங்காயம் உரித்து அந்தப் பாவத்தைக் கழித்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
பேரில் மட்டும் மகாராணியான
விக்டோரியா

கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. வெள்ளைப் பக்கத்தில் இடம் இல்லை. தாளைத் திருப்பி, அச்சடித்த கட்டத்துக்குக் கீழே எழுதுகிறேன். பழைய கம்ப்யூட்டர் போன வாரம் செத்துப்போனது. புதுசு வந்திருக்கிறது. உன் ஃபைலைப் பென்டிரைவில் கொண்டுவந்து ஏற்றிவிட்டார்கள். அதே மஞ்சள் கட்டம். ராபின் டீ கிளாஸோடு எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா சின்னம்மா இது, என்டர் தட்னா பக்கத்துல போவாம கீழ எறங்குது? முன்னாடி இப்டியா போச்சி? சுகிர்தாவக் கேட்டு எழுது, மறந்துடாத" என்றான். பார்த்தேன். ஆமாம், கீழேதான் இறங்குகிறது. எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் முப்பத்தாறும் நிறைந்துவிடுகிறது, பரவாயில்லைதானே? தப்பு என்றால் எங்கே தட்டி மாற்றுவது என்று ஒரு வரி எழுது. ஒன்றும் இல்லை என்றால் எழுத வேண்டாம்.


திருவள்ளூர்
9 ஆகஸ்ட் 2024

விக்டோரியா அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கையெழுத்து வரைக்கும் படித்தேன். படித்திருக்க வேண்டாம்.

நீங்கள் கேன்டீனில் சிரித்துக்கொண்டே சொன்னது நாலாம் நாள் ஊத்துக்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே எனக்கு ஒரு இடம் பேசி முடித்திருந்தார்கள். பத்திரிகைக்கு மாதிரி கூடப் பார்த்தாயிற்று. மாப்பிள்ளையின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, காப்பி குடித்துவிட்டு, "வேல செய்ற எடத்துல ஏதோ பேச்சு இருக்காமே" என்று கேட்டார்கள். அதோடு சரி. அப்பா அன்றிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

எச்.ஆரில் "உன் நல்லதுக்குத்தாம்மா" என்று சொல்லி என்னை இங்கே மாற்றினார்கள். ராபினை மாற்றவில்லை. உங்களை மாற்றவில்லை. திருவாலங்காட்டில் பெரியம்மா வீட்டில் ஒரு மூலையில் பெட்டியை வைத்துக்கொண்டு, தினமும் ரயிலில் நின்றுகொண்டு வருகிறேன். இதில் வெங்காயம் உரிக்க என்ன இருக்கிறது?

அவர் தலையைக் கோதினாரா, காது சிவந்ததா என்பதெல்லாம் எனக்கு வேண்டாம். இனி எனக்கு எழுதாதீர்கள். வேலை விஷயம் ஏதாவது இருந்தால் சூப்பர்வைசரிடம் சொல்லி மெயில் போடச் சொல்லுங்கள்.

சுகிர்தா


கும்மிடிப்பூண்டி
13 ஆகஸ்ட் 2024

சுகிர்தாவுக்கு,

இது கடைசி, இதற்கப்புறம் எழுத மாட்டேன்.

ஊத்துக்கோட்டை விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வாயில் துணியை வைத்து அடைத்திருப்பேன். நான் யாரைக் கேலி பண்ணினாலும் அவர்களும் சிரித்துவிடுவார்கள், அதோடு போய்விடும் என்றுதான் நாற்பத்தெட்டு வயது வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படிப் போகாத இடமும் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. நீ சொன்னாய்.

நான் கேட்டதற்கு நீ ஒன்றும் எழுதவில்லை. சரி, எழுதாததையே பதிலாக எடுத்துக்கொண்டேன். ராபினிடமும் சொல்லிவிட்டேன், விட்டுவிடுப்பா என்று.

விக்டோரியா


திருவள்ளூர்
26 ஆகஸ்ட் 2024

விக்டோரியா அக்காவுக்கு,

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெகன் வந்து சொன்னார். ஐந்தாம் நம்பர் லேடிலில் பக்கவாட்டில் ஓட்டை விழுந்து உருக்கு கொட்டியது என்றும், ராபின் கீழே நின்றார் என்றும் சொன்னார். இடுப்புக்குக் கீழே என்றார். சாம்பிள் மூட்டையை இறக்காமலே திரும்பிப் போய்விட்டார்.

என் கோபம் வேறு, இது வேறு. உங்கள் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். ஐந்து முறை கூப்பிட்டேன். நீங்கள் எடுக்கவில்லை.

எந்த ஆஸ்பத்திரி என்று ஜெகனிடம் சொல்லி அனுப்புங்கள். ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறேன்.

சுகிர்தா


சென்னை
30 ஆகஸ்ட் 2024

சுகிர்தா,

போன் அடித்ததைப் பார்த்தேன். எடுக்கவில்லை. எடுத்தால் என் வாயில் முதலில் கேலிதான் வரும், அதுதான் பழக்கம். சனிக்கிழமை டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனபோது, "சார், புள்ளைக்கு இனிமே ஷூ செலவு மிச்சம்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. மேரி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அதிலிருந்து என்னை வார்டுக்குள் விடவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். மருந்துச் சீட்டு தருகிற கவுண்டரில் கேட்டுத் தாள் வாங்கினேன்.

அது மட்டும் காரணம் இல்லை. கம்பெனியிலிருந்து இரண்டு பேர் பழக்கூடையோடு வந்தார்கள். மேரியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். வெளியே வந்து என் தலைமுடியைப் பிடித்து, "லேடில் கிட்டயே போவாம ரூம்ல குந்திக்கினு நம்பர் அடிச்சியாமே. எம்புள்ள உனக்கு இன்னாடி பண்ணான்?" என்று கேட்டாள். வராந்தாவில் அத்தனை பேரும் பார்த்தார்கள்.

நான் போனேன், சுகிர்தா. தினமும் போனேன். ஆனால் என் நோட்டை வெள்ளிக்கிழமையே ஆபீஸில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். நேற்று கேட்டால், அப்படி ஒரு நோட்டே கிடையாது என்கிறார்கள்.

ராபின் வாயில் குழாய் செருகியிருக்கிறார்கள். கண் மட்டும் அசைகிறது. அவனுக்குத் தெரியும், நான் போவதை தினமும் பார்த்தவன் அவன். அவனால் சொல்ல முடியாது.

மில்லில் என் கார்டை வாங்கிக்கொண்டார்கள். இனி ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டும் என்றால் கவரைப்பேட்டை பஸ் ஸ்டாப்பில் நின்று ஜெகன் வண்டியை மறிக்கிறேன்.

விக்டோரியா


திருவள்ளூர்
12 செப்டம்பர் 2024

அக்காவுக்கு,

ராபினை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். கடைசி வரிசையில் நின்றேன். நீங்கள் மண் போடக் குனிந்தபோது மேரி அம்மா உங்கள் கையைத் தட்டிவிட்டதைப் பார்த்தேன். அந்த மண் உங்கள் புடவையில் விழுந்தது. நீங்கள் அதை உதறாமலே நின்றீர்கள்.

இதை எழுத மூன்று நாளாக யோசித்தேன். ஆய்வுக் குழுவிலிருந்து விபத்துக்கு முந்தின நாள் ஷீட்டை எனக்கு அனுப்பியிருந்தார்கள். நான் போட்ட ஷீட் என்பதால், அதில் கணக்கு சரியாக வேலை செய்கிறதா என்று கேட்டார்கள். பார்த்தேன், சரியாக இருந்தது. சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஆனால் அந்த ஷீட்டில் ஐந்தாம் லேடிலில் ஒரு இடத்தில்கூடச் சிவப்பு இல்லை. எல்லாம் இருநூற்றைம்பது டிகிரிக்குள். இரண்டாம் லேடிலில்தான் ஒரு சிவப்பு. அதைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே செங்கல் புதிதுபோல் இருந்ததாம். நல்ல லேடிலுக்குச் சிவப்பு, ஓட்டை விழப்போகும் லேடிலுக்கு ஒன்றும் இல்லை. லேடிலைப் பார்த்து எழுதிய நம்பர் இப்படி இருக்காது என்கிறார்கள். எனக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை.

அக்கா, நேராகக் கேட்கிறேன். அன்றைக்கு நீங்கள் லேடில் பக்கம் போனீர்களா?

சுகிர்தா


கவரைப்பேட்டை
15 செப்டம்பர் 2024

சுகிர்தாவுக்கு,

நீயும் கேட்டுவிட்டாய். சரி.

போனேன். வியாழக்கிழமை, டீக்கு முன்னாடி. ஐந்தாம் நம்பரில் இரண்டாவது இடம். துப்பாக்கியை நீட்டும்போதே முகத்தில் சுரீர் என்று அடித்தது. முந்நூற்று அறுபத்திரண்டு. இன்னொரு தடவை நீட்டிப் பார்த்தேன். அதே முந்நூற்று அறுபத்திரண்டு. நோட்டில் எழுதினேன், கம்ப்யூட்டரில் அடித்தேன், கடைசியில் தலை நிமிர்ந்து பார்த்தேன். ஒரு சிவப்பு இருந்தது. அப்பாடா, கம்ப்யூட்டரும் பார்த்துவிட்டது என்று நினைத்தேன். எந்த வரிசையில் சிவப்பு என்று பார்க்கத் தோன்றவில்லை.

பிறகு சூப்பர்வைசர் ரகு சார் வந்து, ரெண்டாம் நம்பரைப் பிரித்துக் கட்ட இறக்கச் சொன்னார். "சார், அஞ்சு இல்ல சூடா கீது?" என்றேன். அவர் கம்ப்யூட்டரைக் காட்டினார். "பாரு விக்டோரியா, செவப்பு எங்க கீது? ரெண்டுல. நீ அஞ்சாங்கிளாஸ், இது கம்ப்யூட்டரு. யாரு சொல்றதக் கேக்கட்டும்?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "ஆமா சார், நான் அஞ்சுன்னு சொன்னது என் கிளாஸ" என்று நானே ஒரு கேலி சேர்த்தேன். அதற்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். ராபின் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் அவனை ஐந்தாம் நம்பருக்குத்தான் போட்டார்கள்.

முப்பத்தாறு நம்பரில் ஒன்றைக்கூட நான் கற்பனையாக அடிக்கவில்லை. அது எப்படி ரெண்டாம் நம்பருக்குப் போனது என்று ராத்திரி பகலாக யோசித்துவிட்டேன், என் புத்திக்கு எட்டவில்லை. என்டர் கீழே இறங்குகிறதே, அதனாலா? அதைத்தான் உன்னிடம் அப்போதே கேட்டேன். தப்பு என்றால் எழுது, இல்லை என்றால் வேண்டாம் என்று சொன்னேன். நீ எழுதவில்லை. அதனால் ஒன்றும் இல்லை என்று அவனிடமும் சொன்னேன்.

விக்டோரியா


திருவள்ளூர்
17 செப்டம்பர் 2024

அக்கா,

நீங்கள் எப்போது கேட்டீர்கள் என்று எழுத உட்கார்ந்தேன். பிறகு உங்கள் ஆகஸ்ட் ஆறாம் தேதிக் கடிதத்தை எடுத்தேன். அது இன்னும் என்னிடம் இருக்கிறது. ஏன் வைத்திருந்தேன் என்றால், நீங்கள் மறுபடியும் அப்படி எழுதினால் எச்.ஆரில் காட்டிப் புகார் கொடுக்கலாம் என்று.

வெள்ளைப் பக்கம் முழுவதும் படித்தேன். உங்கள் கையெழுத்து வந்தது. அதற்கப்புறம் தாளைத் திருப்பினேன்.

அன்றைக்குத் திருப்பவில்லை. பின்னால் பழைய லாக் சீட்டு அச்சு தெரிந்தது. கையெழுத்தோடு முடிந்துவிட்டது என்று மடித்து வைத்துவிட்டேன்.

நீங்கள் கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். ஆமாம், அதனால்தான். நீங்கள் ஒரு லேடிலின் ஆறு இடத்தையும் வரிசையாக அடிப்பீர்கள். என்டர் பக்கத்தில் போனால் அந்த ஆறும் அந்த லேடிலின் வரிசையில் உட்காரும். கீழே இறங்கினால், முதல் லேடிலின் ஆறு நம்பரும் ஆறு லேடில்களுக்கும் ஒவ்வொன்றாகப் போய்விடும். கட்டம் ஆறுக்கு ஆறு என்பதால் ஓர் இடமும் காலியாக இருக்காது, பார்க்கிற யாருக்கும் தெரியாது. ஐந்தாம் லேடிலில் இரண்டாவது இடம் என்று நீங்கள் அடித்தது, இரண்டாம் லேடிலில் ஐந்தாவது இடத்தில் போய் நின்றது. நேற்று அந்த ஷீட்டைத் திறந்து மாற்றிப் போட்டுப் பார்த்தேன். முந்நூற்று அறுபத்திரண்டு அதன் இடத்துக்கு வந்தது. அதற்கு மேல் பார்க்க முடியவில்லை, மூடிவிட்டேன்.

என்டர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது ஃபைலில் இருக்காது, அக்கா. அது அந்தந்த மெஷினில் இருக்கும். நீங்கள் சுலபமாக அடிக்க வேண்டும் என்று பழைய கம்ப்யூட்டரில் நான்தான் வலது பக்கம் என்று மாற்றி வைத்தேன். மெஷின் மாறினால் மறுபடியும் வைக்க வேண்டும். கோபத்தில் கிளம்பியபோது இதை யாரிடமும் சொல்லிவிட்டு வரவில்லை. அரை நிமிட வேலை. நீங்கள் கேட்ட அந்த ஒரு வரி.

இந்தத் தாளைக் கொடுத்தால் நீங்கள் லேடிலைப் பார்க்கவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. அதே தாளில் நீங்கள் கேட்டதும், நான் பதினேழு நாள் சும்மா இருந்ததும் இருக்கிறது. ஷீட் சரி என்று வேறு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பயமாக இருக்கிறது, மறைக்கவில்லை. என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்கள்.

சுகிர்தா


கவரைப்பேட்டை
20 செப்டம்பர் 2024

சுகிர்தாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பிறகு சாக்பீஸால் சிமென்ட் தரையில் ஆறுக்கு ஆறு கட்டம் போட்டு, நானே கீழே கீழே எழுதிப் பார்த்தேன். நீ சொன்ன மாதிரியே அஞ்சு ரெண்டுக்குப் போனது. அழிக்க மனசு வரவில்லை. அதைத் தாண்டித்தான் சமையல் பண்ணுகிறேன்.

கொடு என்றும் சொல்ல மாட்டேன், கொடுக்காதே என்றும் சொல்ல மாட்டேன். என்னைக் கேட்டு நீ செய்தால் அதுவும் என் தலையில் ஏறும். இருக்கிறதே போதும்.

ஒன்று மட்டும் உனக்குத் தெரிய வேண்டும். அந்தக் கடிதத்தில் "சுகிர்தா எப்போ வருவாங்க" என்று ராபின் கேட்டதாக எழுதினேன். கேட்டது நிஜம். என்டர் ஏன் கீழே இறங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கேட்டான். நீ வந்தால் சரி பண்ணுவாய் என்று. மோதிரம் நான் போட்டது. காது சிவந்ததும் என் கைவேலை. முன்பக்கம் முழுவதும் அந்தக் கதை, அவன் கேட்டது பின்பக்கம். அதுவும் கையெழுத்துக்கு அப்புறம், ஞாபகம் வந்ததால்.

நீ திருப்பவில்லை என்று உன்னைச் சொல்ல எனக்கு வாய் இல்லை. நாலு தடவை சும்மா சிரிப்புக்குக் கூப்பிட்டவள் அஞ்சாவது தடவை கூப்பிட்டால் யார் திரும்புவார்கள்?

போலீஸோ கம்பெனியோ என்னை என்ன எழுதிக்கொண்டாலும் போகட்டும். மேரிதான். ஒரு வயிற்றில் பிறந்தவள், நான் ரூமில் உட்கார்ந்து அவள் பிள்ளையைச் சாகடித்தேன் என்று நினைத்துக்கொண்டு சோறு தின்கிறாள். தின்கிறாளோ இல்லையோ. நான் போனேன் என்பது அவளுக்குத் தெரிந்தால் போதும்.

விக்டோரியா


திருவாலங்காடு
29 செப்டம்பர் 2024

அக்கா,

வெள்ளிக்கிழமை தொழிற்சாலை ஆய்வாளர் ஆபீஸில் நகலைக் கொடுத்துவிட்டேன். ஷீட் சரி என்று நான் கொடுத்தது தப்பு என்றும், ஏன் தப்பு என்றும் தனியாக எழுதிக் கொடுத்தேன். சனிக்கிழமை கம்பெனியில் என் ஐடி கார்டை வாங்கிக்கொண்டார்கள். விசாரணை முடியும் வரைக்கும் வர வேண்டாம் என்றார்கள். அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

இன்று சர்ச் விட்டதும் அசல் தாளை எடுத்துக்கொண்டு மேரி அம்மா வீட்டுக்குப் போனேன். நான் யார் என்று சொன்னதும், "நீதானா அது" என்று மட்டும் கேட்டார்கள். முழுசாகப் படித்துக் காட்டினேன். மோதிரம், காது எல்லாவற்றையும் சேர்த்துத்தான் படித்தேன். அந்த இடத்தில் நிறுத்தினேன், அவர்கள் "படி" என்றார்கள். பின்பக்கம் திருப்பி, ராபின் சொன்னது வந்தபோது, "மறுபடி படி" என்றார்கள். படித்தேன். "இன்னொருவாட்டி." படித்தேன். "மறந்துடாத" என்பதை ராபினைப் போலவே வாயசைத்துச் சொல்லிப் பார்த்தார்கள்.

அதற்கப்புறம் என்னைப் பார்த்து, "நீ ஏன் திருப்பல?" என்று கேட்டார்கள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார்கள். அழத்தான் தெரிந்தது எனக்கு, அவர்கள் அழவில்லை. தாளை வாங்கி பைபிளுக்குள் வைத்துக்கொண்டார்கள். நான் கேட்கவில்லை, அங்கேயே இருக்கட்டும்.

சுகிர்தா


கவரைப்பேட்டை
5 அக்டோபர் 2024

சுகிர்தாவுக்கு,

மில்லில் வந்திருக்கும் கம்ப்யூட்டரிலும் என்டர் தட்டினால் கீழேதான் இறங்குகிறது. அதை மாற்றுகிற வழியை எழுதி உடனே ஜெகனிடம் கொடு.

விஷயம் அதுதான், முதலில் எழுதிவிட்டேன். மீதி கீழே.

முன்னாடி இருந்ததைப் போலீஸ் எடுத்துப்போய்விட்டது. இது வேறு ஆபீஸில் கிடந்த பழைய மெஷின். துப்பாக்கியை இப்போது இளமதி பிடிக்கிறாள், ஆரம்பாக்கத்திலிருந்து வருகிற பெண், எட்டாவது வரைக்கும் படித்திருக்கிறாள். அதே ஃபைல், அதே மஞ்சள் கட்டம். மூன்று நாளாக மில் கேட்டுக்கு வெளியே நின்று, ஷிப்ட் விட்டு வருகிறவளிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். "கீழதான்கா போவுது, ஏன் கேக்கறீங்க?" என்கிறாள். உள்ளே யாரும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. நேற்று வரைக்கும் ஆறு லேடிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. நீ எழுதுவது வரும் வரைக்கும், அடித்து முடித்தபின் நோட்டையும் கட்டத்தையும் ஒவ்வொரு நம்பராக ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பார்க்கிறேன் என்றாள். மாற்றுகிற வழியைப் பெரிய எழுத்தில் எழுது, எந்த மெனு, எந்த வரி என்று. பழையது, புதுசு என்று இரண்டு விதமான கம்ப்யூட்டருக்கும் எழுது. அவள் கையில் கொடுத்து, படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் வருவேன்.

மேரி வந்தாள். வாசலிலேயே நின்றாள். தரையில் இருந்த சாக்பீஸ் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நீ போனியா?" என்றாள். "போனேங்கா" என்றேன். தலையை ஆட்டினாள். தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை.

"அவன் சொன்னத மேல எழுதறதுக்கு இன்னாடி உனக்கு?" என்றாள்.

அவள் வாங்காத தண்ணீரைக் குடத்தில் திருப்பி ஊற்றினேன்.

போகும்போது திரும்பிப் பார்க்காமல் சொன்னாள், "வியாழக்கெழம நாப்பதாம் நாள் ஜெபம். வா. பின்னாடி உக்காரு. வாயத் தொறக்காத." போவேன். திறக்க மாட்டேன்.

தாளின் பின்பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. இருந்தாலும் ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிடு.

விக்டோரியா